டிபன் பாக்ஸ் மூடியும் உடைந்த கண்ணாடியும்

எங்கள் அடுக்ககத்தில் தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஒரு சத்தம் கேட்கும். இரண்டாவது மாடிப் பையன் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். பார்க்கிங்கிலிருந்து காரை எடுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து, கேட்டைத் தாண்டுவான். அந்தத் திருப்பத்தில் முன்சக்கரத்தின் உள்ளேயிருந்து டக்… டக்… டக்… என்று வரும். தெருவில் ஏறி வண்டி நேரானதும் அடங்கிவிடும். மூன்றாவது மாடி பால்கனியில் காப்பி டம்ளரோடு நிற்கிற நான், “வலது பக்க ஜாயின்ட்” என்று முணுமுணுத்துக்கொள்வேன். கீரைக்காரம்மாவின் குரலை வைத்தே கூடையில் என்ன கீரை இருக்கிறது என்று என் மனைவி சொல்லிவிடுவாள். எனக்கு இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் கீழே இறங்கிப் போனேன். “தம்பி, அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைங்களேன்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையை விட்டேன். நினைத்ததுதான். மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட், ஒரு மடிப்பில் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. உள்ளே இருக்கவேண்டிய கறுப்பு கிரீஸ் விசிறியடித்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கோடு கோடாக அப்பியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். அடுப்புக்கரியும் பழைய எண்ணெயும் துளி கந்தகமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. பையன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். அவனுக்கு அது அழுக்கு. எனக்கு குரோம்பேட்டை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே நான்கு கம்பு நட்டுத் தகரம் போட்ட ஒரு பட்டறை. மெக்கானிக் பாயுடைய பட்டறை. அந்த இடத்து மண்ணே இந்த வாசனைதான் அடிக்கும். மழை பெய்தால் இன்னும் தூக்கலாக.

என் மாமா ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தார். இரண்டாம் கையோ மூன்றாம் கையோ, அதைப்பற்றி வீட்டில் பேச அனுமதி கிடையாது. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்த கார் அது. உருவம் கொடுத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இரண்டே வருஷத்தில், 1961-ல், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிக்காரர்கள் அதை மெட்ராஸிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தொழிற்சாலை. எங்கள் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் மிதித்தால் எட்டிவிடுகிற தூரம். அதனால் ஹெரால்டு எங்களுக்கு வெளிநாட்டுக் கார் இல்லை, சொந்த ஊர்க்காரன். தெருவில் அம்பாசிடரும் ஃபியட்டும் போகும். ஹெரால்டு போனால் மட்டும் யாராவது ஒருவர், “நம்ம பெருங்களத்தூர் வண்டி” என்பார்.

948 சி.சி. இன்ஜின். அந்தக் காரின் அழகு அதன் பானெட். மற்ற கார்களில் ஒரு மூடியைத் திறப்பார்கள். ஹெரால்டில் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து மூக்கு மொத்தமாக முன்னால் கவிழும். மாமா அதைத் தூக்கும்போது தெருப்பையன்கள் எல்லாரும் கூடிவிடுவோம். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்னொன்று, முன்சக்கரம் எக்கச்சக்கமாக ஒடியும். 25 அடி இடம் இருந்தால் முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் தெரு முனையில் அம்பாசிடர்காரர்கள் மூன்று தடவை ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் மாமா ஒரே திருப்பில் திருப்பிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதன் பின்பக்கம்தான். கல்யாணத்துக்குப் போகும்போது பாட்டி, அத்தை, சித்தி, குழந்தைகள், பட்சணக்கூடை என்று எல்லாம் ஏறினால், பின்சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கம் வெளியே தள்ளி, தலை உள்ளே சாய்ந்து, அகலக் கால் வைத்து நிற்கிற பயில்வான் மாதிரி ஆகிவிடும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் அப்படியே நேர்மாறு. கால்கள் உள்ளே மடங்கி, புது வாத்தியார் முன்னால் நிற்கிற முதல் வகுப்புக் குழந்தை மாதிரி. அம்பாசிடர் இப்படியெல்லாம் செய்யாது. எத்தனை பேர் ஏறினாலும் அதன் பின்சக்கரம் செங்குத்தாகவே நிற்கும்.

ஏன் என்று மாமாவைக் கேட்டேன். “இம்போர்ட்டட் டிசைன்டா” என்றார். பாயைக் கேட்டேன். அவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தெருவில் போன ஒரு மாட்டுவண்டியைக் காட்டினார்.

“அதுல என்ன இருக்கு தம்பி? ஒரே அச்சு. இந்தச் சக்கரம் பள்ளத்துல எறங்கினா அந்தச் சக்கரமும் சாயும். அம்பாசிடரும் அதேதான். அச்சுக்குப் பதிலா இரும்புக் குழாய். நடுவுல டிஃபரென்ஷியல் குண்டு. குழாய்க்குள்ள ரெண்டு ஆக்சில் ஷாஃப்ட், ஆளுக்குப் பாதி. உள்ள சும்மா சுத்திட்டே இருக்கும், வளையவே வேணாம்.”

பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். “ஹெரால்டு இப்படி. டிஃபரென்ஷியல் குண்டைச் சட்டத்துல முடுக்கிட்டான். அது என் நெஞ்சு. ஷாஃப்ட் என் கை. தோள்ல மட்டும் ஒரு கிராஸ். மணிக்கட்டுல ஒண்ணும் கிடையாது, சக்கரம் கையோட சேர்த்து இறுக்கம்.” தோளிலிருந்து கையை மேலும் கீழும் ஆட்டினார். விரல்கள் வானத்தைப் பார்த்தன, தரையைப் பார்த்தன. “கை ஆடினா உள்ளங்கை சாயுமா சாயாதா?”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. பின்னாளில் படித்த புத்தகங்களில் படமும் அம்புக்குறியும் இருந்தன. பாயின் அக்குள் வேர்வை இல்லை, அவ்வளவுதான்.

இந்த ‘கிராஸ்’ என்பது பழைய சங்கதி. கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, அதன் நான்கு முனைகளுக்கும் நான்கு தொப்பி. இரண்டு முனையை இந்தப் பக்கத்து ஷாஃப்ட்டின் கவை பிடித்துக்கொள்ளும், இரண்டு முனையை அந்தப் பக்கத்துக் கவை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோவின் பெயரையும் அடுத்த நூற்றாண்டு ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயரையும் அதற்குச் சூட்டுவார்கள். கார் வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முந்தையது. நம் ஊர் லாரி, ஜீப், அம்பாசிடர் எல்லாவற்றின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் அதுதான்.

மாமா கிரீஸ் விஷயத்தில் சோம்பேறி. ஒருநாள் வண்டி நகரும்போதெல்லாம் பின்னால் ‘டிங்’ என்று யாரோ டம்ளரைத் தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது. பாய் படுத்துப் பார்த்துவிட்டு, “கிராஸ் போயிடுச்சு சார். தொப்பிக்குள்ள துரு” என்றார். இடது பக்க ஷாஃப்ட்டைக் கழற்றவேண்டும். உள்பக்கம் நான்கு போல்ட், சுலபம். வெளிப்பக்கம் ஹப் ஒரு டேப்பரில் ஏறி உட்கார்ந்திருக்கும். அது லேசில் வராது. பாய் ஒரு கனமான புல்லரை மாட்டி, முறுக்கி, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, “எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்று விலகிப்போய் பீடி பற்றவைத்தார். நாங்கள் காத்துக்கொண்டே இருந்தோம். பீடி பாதி தீர்ந்திருக்கும், ‘டமார்’ என்று வெடித்தது. மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன. ஹப் கையோடு வந்துவிட்டது. பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொப்பிகளுக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள் வரிசையாக நிற்கும். கிரீஸின் பசையில்தான் அவை நிற்கின்றன. பழையதைக் கழற்றும்போது அவை ‘ஹிந்து’ பேப்பர்மேல் சிதறும். எண்ணிப் பார்த்து, குறைந்தால் காந்தத்தை மண்ணில் துழாவித் தேடிக் கொடுப்பது என் வேலை. புது கிராஸ் வாங்கியாகிவிட்டதே, பழைய ஊசி எதற்கு என்று கேட்டேன். “எதுக்கா? சைக்கிள்காரனுக்கு ஆகும், ரேடியோக்காரனுக்கு ஆகும். இரும்பைத் தொலைக்கக்கூடாது தம்பி.” புது கிராஸுக்காக மாமாவோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, கடைசியில் முதல் கடையிலேயே வாங்கி வந்த கதை தனி.

அன்றைக்குத்தான் பாய் எனக்கு டிபன் பாக்ஸ் மூடியில் பாடம் நடத்தினார். கிராஸை மாட்டிவிட்டு ஷாஃப்ட்டைக் கையில் கொடுத்து, “ஒரு பக்கத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா சுத்து. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா சுத்துது?” என்றார். சுற்றினேன். ஒரே மாதிரிதான் தெரிந்தது. இல்லை என்று தலையாட்டினார். தன் சாப்பாட்டு டப்பாவின் வட்ட மூடியை எடுத்து, விளிம்பைச் சுற்றிக் கடிகாரம் மாதிரி பன்னிரண்டு சாக்பீஸ் புள்ளி வைத்தார். நேராகப் பிடித்தால் வட்டம், புள்ளிகள் சம தூரத்தில். மூடியைச் சாய்த்தார். வட்டம் முட்டையாயிற்று. நீண்ட இரண்டு முனைகளிலும் புள்ளிகள் நெருங்கிக்கொண்டன. நடுவில் இரண்டு பக்கமும் விலகி நின்றன.

“நீ சமமாத்தான் சுத்தறே. சாய்ஞ்சவன் பார்வையில சமமா இல்ல. நெருக்கமான எடத்துல மெதுவா போறான், அகலமான எடத்துல ஓடறான். ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை தாமதம், ரெண்டு தடவை அவசரம்.”

பள்ளிக்கூடத்தில் கொசைன் என்ற சொல்லைப் படிப்பதற்கு முன்னாலேயே அதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பத்து டிகிரி சாய்வில் தொந்தரவு சொற்பம். ஒரு பக்கம் சீராக நூறு என்று சுற்றினால், மறுபக்கம் 98.5-க்கும் 101.5-க்கும் இடையில் ஊசலாடும். முப்பது டிகிரி என்றால் 87-க்கும் 115-க்கும் இடையில். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை திக்கித் திக்கிப் பேசுகிற மாதிரி. ஹெரால்டின் பின்பக்கம் மேலும் கீழும் ஆடுவது கொஞ்ச தூரம்தான், அதனால் அந்தத் திக்கல் யாருக்கும் தெரியவில்லை. லாரிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இரண்டு முனையிலும் கிராஸ் இருக்கும். முதலாவது செய்யும் தவறை இரண்டாவது சரியாகத் திருப்பிச் செய்து நேராக்கிவிடும். ஆனால் இரண்டு கவைகளையும் ஒரே வாக்கில் மாட்டவேண்டும். கழற்றும்போது உளியால் அடையாளம் போடாத உதவியாள் பாயிடம் வாங்கிய வசவை நான் இங்கே எழுத முடியாது.

ஏற்காட்டுப் பயணத்தைச் சொல்லவேண்டும். சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாட்டி, அத்தை, குழந்தைகள், மூன்று அடுக்கு கேரியர் எல்லாம் உண்டு. வண்டி அகலக் கால் வைத்து, சாதுவாக ஏறியது. மேலே போய்ச் சேருவதற்குள் அத்தைக்கும் குழந்தைகளுக்கும் வாந்தி. திரும்பும்போது பஸ்ஸில்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். இறக்கத்தில் காரில் மாமாவும் நானும் மட்டும், பின்சீட்டில் காலி கேரியர். மாமாவுக்கு குஷி. ஒரு வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, எதிரே பஸ்ஸைக் கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தார். பின்பக்கம் பூனை முதுகைத் தூக்குவது மாதிரி எழும்பியது. அடுத்த நொடி வால் வெளியே வீசிற்று. பாதி வட்டம் சுற்றி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். பஸ் டிரைவர் கையால் காட்டியதை மாமா இன்றுவரை அத்தையிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சார் கால எடுத்தது தப்பு” என்றார். பிறகு ஒரு கம்பைச் சாய்வாகத் தரையில் ஊன்றி, அதன்மேல் உடம்பைச் சாய்த்துக் காட்டினார். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம்தான் ரோட்டைத் தள்ளுகிறது. தோள் உயரத்தில் இருக்கிறது, சக்கரம் கீழே இருக்கிறது. தள்ளுகிற தள்ளலில் ஷாஃப்ட் ஊன்றுகோலாகி உடம்பையே மேலே தூக்கிவிடும். உடம்பு எழும்பினால் சக்கரம் உள்ளே மடங்கும். மடங்கினால் டயரின் ஓரம் மட்டும் ரோட்டில். ஆள் நிறைய ஏறியிருந்தால் உடம்பு அமுங்கிக் கால் அகன்று இருக்கும், எளிதில் மடங்காது. காலியாக, வேகமாக, வளைவில் காலை எடுத்தால் மடங்கும்.

இது உலகம் முழுக்கத் தெரிந்த சமாசாரம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்த மாதிரிப் பின்சக்கரம் வைத்த கார்வேர் என்ற காரைப் பற்றியது. ஹெரால்டின் உடன்பிறப்புகளான விட்டெஸ், ஜி.டி.6 கார்களில் 1968-ல் அவர்களே அதைத் திருத்தினார்கள். மணிக்கட்டுப் பக்கமும் வளையட்டும் என்று ஷாஃப்ட்டில் கனத்த ரப்பர் வளையம் வைத்து, சக்கரத்தைத் தாங்கக் கீழே தனியாக ஒரு கை கொடுத்தார்கள். மெட்ராஸில் நடந்தது வேறு. 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக கெஸல் வந்தபோது, பின்பக்கம் பழையபடி ஒரே குழாய் ஆக்சில் ஆகிவிட்டது. ஆடுகிற ஆக்சில் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். பாயைப் பொறுத்தவரை அது பொய். முதல் கெஸல் பட்டறைக்கு வந்த அன்று படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “தோளையே எடுத்துட்டானுங்க” என்று மட்டும் சொன்னார். ஆனால் ஹப் புல்லரோடு மல்லுக்கட்டுவது நின்றது பற்றி அவருடைய உதவியாளுக்குப் பரம சந்தோஷம்.

ஹெரால்டு பிறந்த அதே 1959-ல், அதே இங்கிலாந்தில், மினி என்று இன்னொரு குட்டிக் கார் பிறந்தது. அது முன்சக்கரத்தால் ஓடுகிற கார். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். முப்பது டிகிரிக்கு மேல் ஒடிகிற இடத்தில் கிராஸ் வைத்தால் திக்கல் ஸ்டியரிங் வழியாக ஓட்டுகிறவரின் பல்லுக்கே வந்துவிடும். அதனால் அதில் வேறு ஜாதி ஜாயின்ட். அந்த ஜாதி நம் தெருவுக்கு வர மாருதி 800 வரவேண்டியிருந்தது. 1983 டிசம்பர்.

அதற்குள் நான் வேலைக்குப் போயிருந்தேன். சில வருஷத்தில் கடன்பட்டு ஒரு மாருதி வாங்கியும்விட்டேன். பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. ‘பிளாஸ்டிக் டப்பா’ என்று அதைத் திட்டிக்கொண்டே, கிடைத்த உதிரிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டிருந்தார். என் காரில் பூட் கிழிந்திருப்பதைக் கவனிக்காமல் நான் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினேன். சத்தம் வந்தபிறகுதான் கொண்டுபோனேன். ரிம்மைக் கழற்றியதும் என் முகத்தைப் பார்த்தார். “நீயும் ஒங்க மாமா மாதிரியே” என்றார்.

அவர் அன்று ஜாயின்ட்டைத் திறந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிக்கூடு மாட்டுக் கழுத்து மணி மாதிரி இருந்தது. மணிக்குள் பந்து மாதிரி ஒரு உள்வளையம். மணியின் உள்சுவரில் ஆறு வாய்க்கால், உள்வளையத்தின் மேலும் ஆறு வாய்க்கால். ஒவ்வொரு ஜோடி வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு எஃகுக் குண்டு. ஆறு குண்டுகளும் ஓடிப்போகாமல், ஆறு ஜன்னல் வைத்த ஒரு வளையக் கூடு அவற்றைப் பிடித்திருந்தது. உள்வளையத்தைப் பலமாகச் சாய்த்தால், ஒரு ஜன்னல் மணியின் வாய்க்கு வெளியே தலைகாட்டும். ஒரு குண்டை எடுக்கலாம். மறுபடி சாய்த்தால் அடுத்தது. பயறு உரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உரித்தார்.

“இதுல அவசரம், தாமதம் எதுவும் இல்லியா பாய்?”

பதில் சொல்லாமல் எழுந்து போய், விழுந்து கிடந்த ஒரு பழைய சைடு மிரரை எடுத்து வந்தார். மூலையில் உடைந்திருந்தது. அதை நிறுத்திவைத்து, நீளமான ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கண்ணாடியில் சாய்வாகத் தொட்டார். வெளியே ஒரு ஸ்குரூ டிரைவர், கண்ணாடிக்குள் இன்னொன்று. இரண்டும் நுனியில் சேர்ந்து, முழங்கை மடங்கிய ஒரே தண்டு மாதிரி. கைப்பிடியை விரலால் உருட்டினார். உள்ளே இருந்ததும் உருண்டது.

“உள்ள இருக்கறவன் முந்துவானா? பிந்துவானா?”

“எப்படி முடியும்? பிம்பம்தானே?”

“அவ்வளவுதான்” என்றார். “இந்த ஆறு குண்டும் எப்பவும் கண்ணாடி நிக்கற எடத்துலயேதான் நிக்கும். நீ எவ்வளவு ஒடிச்சாலும், ஒடிச்சதுல சரிபாதி சாய்ஞ்சு நிக்கும். அதுக்குத்தான் வாய்க்காலை அப்படி வளைச்சு வெட்டியிருக்கான்.”

இந்த வேலையை 1920-களில் செய்து காப்புரிமை வாங்கியவர் ஃபோர்டு கம்பெனி இன்ஜினீயர் ஆல்ஃபிரட் ஷெப்பா. அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் நாக்கு சுளுக்கும். அதே காலத்தில் பிரான்சில் கிரெகுவார் என்பவரும் அவருடைய கூட்டாளியும் குண்டே இல்லாமல் வேறு மாதிரி ஒன்றைச் செய்தார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் எனக்கு நூலகத்தில் கிடைத்தவை. பாய்க்கு எதுவும் தெரியாது. கண்ணாடி உவமை அவருக்கு எங்கே கிடைத்தது என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எந்தப் புத்தகத்திலும் ஸ்குரூ டிரைவரோடு பார்த்ததில்லை.

வாய்க்காலில் விரலை வைக்கச் சொன்னார். ஒரு பக்கச் சுவரில் நகம் தடுக்கியது. குழி. மறுபக்கச் சுவர் கண்ணாடி மாதிரி. வண்டி முன்னால் போகும்போது குண்டு ஒரு சுவரையே நெருக்குகிறது. ஒடித்துத் திரும்பும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு குண்டும் வாய்க்காலில் ஒரு முறை போய் ஒரு முறை வரும். மாருதி சக்கரம் கிலோமீட்டருக்கு அறுநூறு சுற்றுக்கு மேல் சுற்றும். 50,000 கிலோமீட்டர் ஓடினால் மூன்று கோடிச் சுற்று. இதற்குக் காவல் ஒரு கை கிரீஸும் ஒரு ரப்பர் உறையும். உறை கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் கிரீஸே அரைக்கல்லாகிவிடும். குழி விழுந்த இடத்தில் குண்டு இறங்கி ஏறுவதுதான் அந்த டக் டக்.

பாய் புது ஜாயின்ட் வாங்கச் சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, இடது பக்கத்து ஜாயின்ட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டார். பக்கம் மாறினால் குண்டு தேயாத சுவரை நெருக்கும். சத்தம் போயே போய்விட்டது. அந்தக் காரை விற்கும்வரை திரும்ப வரவில்லை. அவர் வாங்கிய கூலி, இன்றைக்கு ஒரு ஃபில்டர் காப்பிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் எண்பதுகளின் முடிவுக்குள் கார் செய்வது நின்றுபோயிற்று. மாமாவின் ஹெரால்டு புதுப்பேட்டைக்குப் போயிற்று. மாமா கூடப் போகவில்லை, என்னைத்தான் அனுப்பினார். பானெட்டைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனபோது பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

2009-ல் நானோ வந்தது. எல்லாரும் விலையைப் பேசினார்கள். நான் அடுத்த வருஷம் ஒன்று வாங்கி, சாவி கையில் வந்த அன்று சாயங்காலமே விரிப்பைப் போட்டு அதன் பின்னால் படுத்துவிட்டேன். 624 சி.சி. இன்ஜின் பின்சீட்டுக்கு அடியில். அதன் பக்கத்திலேயே டிஃபரென்ஷியல். அங்கிருந்து பின்சக்கரங்களுக்கு இரண்டு குட்டைத் தண்டுகள். நம் ஆட்டோவிலும் இன்ஜின் பின்னால்தான், அங்கும் இப்படி இரண்டு தண்டு வெளியே போவதைச் சிக்னலில் குனிந்து பார்த்தால் தெரியும். நானோவின் தண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட் இருந்தன. தோளிலும் ஒன்று, மணிக்கட்டிலும் ஒன்று. ஹெரால்டில் விட்டுப்போனது நாற்பது வருஷம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று தோன்றியது.

மணிக்கட்டு வளைந்தால் சக்கரத்தைத் தண்டோடு சேர்த்துச் சாய்க்கவேண்டியதில்லை. சக்கரத்தைத் தாங்குவதற்குத் தனிக் கைகள் உண்டு, தண்டுக்குச் சுழற்றுவது மட்டும் வேலை. ஆனால் ஒன்று கொடுத்தால் ஒன்று கேட்கும். ஹெரால்டில் சக்கரம் தோளை மையமாக வைத்து வட்டமடித்ததால் தண்டின் நீளம் மாறவேண்டிய அவசியமே வரவில்லை. இங்கே சக்கரம் தன் கைகள் சொல்கிற பாதையில் ஏறி இறங்கும். தோளுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் கூடும், குறையும். அதனால் ஒரு ஜாயின்ட் உள்ளே வெளியே வழுக்கியும் கொடுக்கவேண்டும். பெரும்பாலும் உள்பக்கத்து ஜாயின்ட்தான் அதைச் செய்யும். பல கார்களில் அது முக்காலி. மூன்று காலிலும் மூன்று உருளை, மூன்று பள்ளத்தில் மேஜை டிராயர் மாதிரி ஓடும். பின்சக்கரம் திரும்புவதில்லை என்பதால் சாய்வும் கொஞ்சம்தான். எந்தத் தகராறும் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடும். எலி வந்து பூட்டைக் கடிக்காதவரை. எனக்கு எலி வந்தது.

ஒர்க் ஷாப்பில் இப்போதெல்லாம் யாரும் எதையும் திறப்பதில்லை. “முழு ஆக்சிலா மாத்திடலாம் சார்” என்கிறார்கள். அட்டைப்பெட்டியில் எண்ணெய்த்தாள் சுற்றி, கோடு போட்ட சீட்டு ஒட்டி வருகிறது. அரை மணியில் வேலை முடிகிறது, கை அழுக்காவதில்லை. அவர்கள் கணக்கு தப்பில்லை. அன்று பாய் கொடுத்த ஒரு பகல் நேரத்துக்கு இன்று கூலி கட்டுப்படியாகாது. நானும் மாற்றிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் பழைய ஆக்சிலைக் கேட்டபோது அந்தப் பையன் முழித்தான்.

இரண்டாவது மாடிப் பையனிடமும் அதையேதான் கேட்டேன். “மாத்திடுங்க தம்பி. பழசை மட்டும் விட்டுட்டு வராதீங்க.” போன சனிக்கிழமை பிளாஸ்டிக் பையில் சுற்றி, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். “என்ன அங்கிள் செய்யப் போறீங்க?” என்றான். உள்ளே வரச்சொன்னேன். ஹாலில் ‘ஹிந்து’வை விரித்தேன். சர்க்ளிப்பை விடுவித்து, மரத்துண்டு வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. மணி கழன்றது. பழைய துணியால் துடைத்து, உள்வளையத்தைச் சாய்த்தேன். கை மறக்கவில்லை. முதல் குண்டு ஜன்னலில் தலைகாட்டியது. பேத்தி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, “தாத்தா, என் கண்ணு தெரியுது இதுல” என்றாள். பையன் தரையில் உட்கார்ந்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதையும் மிச்ச இரண்டையும் அவனே எடுத்தான். அவன் விரலில் கறுப்பு கிரீஸ். துடைக்க இடம் தேடிவிட்டு, கடைசியில் ஜீன்ஸிலேயே துடைத்துக்கொண்டான்.

சமையலறையிலிருந்து டிபன் பாக்ஸ் மூடி ஒன்று கேட்டேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். அதற்குள் ஒரு குண்டு பேப்பரிலிருந்து உருண்டு, மொசைக் தரையில் கடகடவென்று ஓடி, சோபாவுக்கு அடியில் போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தது.

“விடுங்க அங்கிள், இனிமே எதுக்கு?” என்றான் பையன்.

பேத்தி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, குப்புறப் படுத்து, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.